செஞ்சியை எட்டு ஆண்டு காத்தது எது: துல்பிகார் கானின் கள்ளமா, வராத பொதிமாடா?

#1 | பாலாற்றங்கரை

செஞ்சி முற்றுகையைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுகிறார்: "முகலாயத் தளபதி துல்பிகார் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தான்." 1690 செப்டம்பரில் முகலாயத் தண்டு செஞ்சிக்கு வெளியே இறங்கியது. கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் அதற்கு முன்பே வேலூருக்குத் தப்பிவிட்டார். இவ்வளவு காலம் ஆனதால் தளபதி உள்ளூரப் பேரம் பேசியிருக்க வேண்டும் என்று அன்றே ஊகம் கிளம்பியது. இன்றுவரை அதையே திருப்பிச் சொல்கிறோம்.

எனக்கு அது போதவில்லை. அந்தப் படை என்ன சாப்பிட்டது, குதிரை என்ன தின்றது, அதை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று கேட்டால் கதை வேறு திசையில் போகிறது. முகலாய அரசு தன் படைவீரனுக்குச் சோறு போடவில்லை. பேரரசரின் சமையற்கூடமும் சரக்குச் சாலைகளும் தனி. சாதாரணக் குதிரைவீரன் தன் படைத்தலைவரான மன்சப்தாரிடம் சம்பளம் வாங்கி, பாளையத்தோடு, அதாவது படை முகாமோடு, கூடவே நகரும் கடைவீதியில் மாவும் பருப்பும் கொள்ளும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடைவீதிக்குச் சரக்கு வந்தது பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகளில். தென்னாட்டில் நாம் லம்பாடிகள் என்கிறோமே, அவர்கள்தாம்.

ஆக ஒரு படை உயிரோடு இருக்க இரண்டு தேவை. வீரன் கையில் காசு, கடையில் தானியம். செஞ்சியில் இரண்டும் இல்லாமல் போன மாதங்கள் உண்டு. துல்பிகார் கானை விசாரிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

#2 | தேசிங்கு ரசிகன்

பாலாற்றங்கரை ஐயா, தானியம் முக்கியம் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இதே முகலாயப் படைதான் பீஜப்பூரையும் கோல்கொண்டாவையும் பிடித்தது. பீஜப்பூருக்கு 1685 ஏப்ரல் முதல் 1686 செப்டம்பர் வரை ஆனது. கோல்கொண்டா 1687-இல் எட்டே மாதத்தில் முடிந்தது. அங்கெல்லாம் படைக்குப் பசிக்கவில்லையா? செஞ்சிக்கு மட்டும் எட்டு ஆண்டு என்றால் தலைமையைச் சந்தேகிக்காமல் யாரைச் சந்தேகிப்பது? தந்தை அசத் கான் பேரரசின் தலைமை அமைச்சர், மகன் தளபதி. ஔரங்கசீப் எப்போது கண்ணை மூடுவார் என்று காத்திருந்த கூட்டம் அது. ராஜாராமோடு உறவு வைத்துக்கொள்வது அவர்களுக்கு நாளைக்குப் பயன்படும். அவ்வளவுதான்.

#3 | கணக்கப்பிள்ளை

அங்கேயும் பசித்தது. நன்றாகவே பசித்தது. பீஜப்பூரில் இளவரசர் ஆஜமின் பாளையத்தில் பஞ்சம் வந்து, திரும்பிவிடலாம் என்று அதிகாரிகளே சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். பிறகு முகலாயத் தளபதி காஜியுத்தீன் கான் பிரூஸ் ஜங் ஒரு பெரிய தானியத் தொடரைச் சண்டையிட்டு உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் முற்றுகை பிழைத்தது. கோல்கொண்டாவில் மழை பெய்து, மஞ்சிரா ஆறு பெருகி, தானியம் வரும் வழி அடைபட்டது. கடைசியில் கோட்டை லஞ்சத்தால்தான் திறந்தது என்பதையும் நண்பர் மறக்க வேண்டாம். கோட்டைக்குள் இருந்த அதிகாரி அப்துல்லா பானி கதவைத் திறந்துவிடவில்லை என்றால் இன்னும் எத்தனை மாதமோ.

எண்களைப் போட்டுப் பார்க்கிறேன். 1695-இல் கிருஷ்ணைக் கரையில் கல்கலா என்ற ஊரில் இருந்த ஔரங்கசீப்பின் பாளையத்துக்கு ஜெமெல்லி கரேரி என்ற இத்தாலியப் பயணி போனார். 30 மைல் சுற்றளவு, 60,000 குதிரை, ஒரு லட்சம் காலாள், 50,000 ஒட்டகம், 3,000 யானை, 250 கடைவீதிகள், எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் மக்கள் என்று எழுதினார். பயணிகளின் எண்ணிக்கையை அப்படியே விழுங்கக்கூடாது. ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் தானியம் என்றால் 350 டன். குதிரைக்கு 3 கிலோ கொள்ளோ கடலையோ என்றால் 180 டன். யானை, ஒட்டகம், புல், விறகு எதையும் நான் சேர்க்கவில்லை. மொத்தம் 530 டன். ஒரு மாடு 120 கிலோ பொதி சுமக்கும் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 பொதி வந்து இறங்க வேண்டும்.

பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் 1632-இல் வழியில் கண்ட ஒரே ஒரு பஞ்சாராத் தாண்டாவில், அதாவது பொதிமாட்டுக் கூட்டத்தில், 14,000 மாடுகள் இருந்தன. வாய் பிளக்கவைக்கும் கூட்டம். அந்தக் கூட்டம் முழுவதும் வந்து கொட்டினாலும் ஔரங்கசீப்பின் பாளையத்துக்கு மூன்று நாளைக்குச் சற்றுக் கூடுதலாக வரும்.

இன்னும் இருக்கிறது. தாண்டா நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடந்தால் அதிகம். மேய்ந்துகொண்டே போகும் கூட்டம். தானியம் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வருகிறது என்றால் இருபது நாள் பயணம். எந்த நாளில் பார்த்தாலும் 88,000 மாடு பொதியோடு வந்துகொண்டிருக்க வேண்டும், இன்னொரு 88,000 வெறும் முதுகோடு திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். ஷாஜகான் காலத்துத் தக்காணப் படையெடுப்பில், 1630 வாக்கில், பங்கி, ஜங்கி என்ற இரண்டு பஞ்சாராத் தலைவர்கள் 1,80,000 மாடுகளோடு வந்தார்கள் என்றும், வழியில் குடத்துத் தண்ணீரும் கூரைப் புல்லும் எடுத்துக்கொள்ளலாம், நாளுக்கு மூன்று கொலைகூட மன்னிப்பு என்று அவர்களுக்குப் பொன்னெழுத்துச் செப்பேடு கொடுக்கப்பட்டது என்றும் பஞ்சாராக்களிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. செப்பேடு எப்படியோ, மாட்டின் எண்ணிக்கை நம் கணக்கோடு ஒத்துப்போகிறது. கதை என்று தள்ளிவிட முடியவில்லை.

செஞ்சியில் இருந்த படை இதில் ஒரு பங்குதான். ஆனால் அது வெட்டவெளியில் தனியாகத் தொங்கியது. கிருஷ்ணைக்கு வடக்கே இருக்கும் பேரரசரிடமிருந்து கடப்பை வழியாக வரும் பாதை அத்தனை நீளம்.

#4 | செஞ்சிமலைக்காரன்

பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர். முதல் ஆண்டில் துல்பிகார் கானிடம் இருந்த ஆளை வைத்து இதை வளைக்கவே முடியாது. உள்ளேயோ சக்கரக்குளம், செட்டிகுளம், மலைமேல் சுனைகள், நெற்களஞ்சியம். இன்றும் போய்ப் பார்க்கலாம், களஞ்சியத்தின் சுவர் கனத்தைப் பார்த்தாலே எத்தனை நாளைக்கு என்று எண்ணிக் கட்டினார்கள் என்பது விளங்கும். உள்ளே இருப்பவன் சாப்பிடுகிறான், வெளியே இருப்பவன் பட்டினி. இதுதான் செஞ்சி முற்றுகை.

1692 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓராண்டு முன்பே அசத் கானும் இளவரசர் காம் பக்ஷும் கூடுதல் படையோடு வந்திருந்தார்கள். அதாவது கூடுதல் வாய். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் ஏறத்தாழ 30,000 குதிரையோடு தமிழகத்துக்குள் இறங்கினார்கள். காஞ்சிபுரத்தில் முகலாயப் பௌஜ்தாராக (வட்டாரப் படை அதிகாரியாக) இருந்த அலி மர்தான் கான் பிடிபட்டார். கோட்டைக்கு மேற்கே காவல் இருந்த இஸ்மாயில் கான் மகாவும் பிடிபட்டார். பாளையத்துக்குத் தானியம் நின்றது, கடிதமும் நின்றது. பேரரசர் இறந்துவிட்டார் என்று வதந்தி. காம் பக்ஷ் ராஜாராமோடு இரகசியமாகப் பேசத் தொடங்க, அசத் கானும் துல்பிகாரும் சேர்ந்து இளவரசரையே காவலில் வைத்தார்கள். பெரிய பீரங்கிகளைச் சுட முடியாதபடி ஆணி அறைந்து விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்.

அது எந்த மாதம் என்று கவனித்தீர்களா? மார்கழி. வடகிழக்கு மழை முடிகிற நேரம். சம்பா இன்னும் வயலில் நிற்கிறது, தைக்குத்தான் அறுவடை. போன ஆண்டு நெல் தீர்ந்து, இந்த ஆண்டு நெல் வராத இடைவெளி. இந்தப் பக்கத்து எந்தக் கிராமத்திலும் அப்போது விற்பதற்கு நெல் இருக்காது. சந்தாஜி இதைக் கணக்கிட்டு வந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. இதைவிட நல்ல மாதம் அவருக்குக் கிடைத்திருக்காது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

பசி தாங்காமல் துல்பிகார் கான் தானே ஒரு படையை எடுத்துக்கொண்டு வந்தவாசிக்குப் போய்த் தானியம் சேர்த்தார். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். திரும்பும் வழியில் தேசூரில் சந்தாஜி மறித்தார். துப்பாக்கி மருந்தும் குண்டும் தீரும் நிலை. அவர் படையில் இருந்த தல்பத் ராவ் புந்தேலாவின் ஆட்கள் பாய்ந்து வழி ஏற்படுத்தியதால் உயிரோடு திரும்ப முடிந்தது. அவர்கள் கொண்டுவந்த நெல் சில நாளைக்குத்தான் வந்தது. பிறகு ராஜாராமோடு பேசி, தடையில்லாமல் போக வழி கேட்டு, 1693 ஜனவரியில் பாளையத்தைக் கலைத்து வந்தவாசிக்கே போய்விட்டார்கள். பொதி சுமக்க மாடு இல்லாததால் உடைமைகளில் பெரும்பகுதி அங்கேயே கிடந்தது.

தேசிங்கு ரசிகரே, கள்ளம் செய்கிறவன் இப்படியா செய்வான்? தேசூரில் செத்திருப்பார் அந்த மனிதர்.

#5 | மாலுமி

ஒரு கேள்வி. கடல் அறுபத்தைந்து எழுபது கிலோமீட்டரில் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தேவனாம்பட்டினத்திலும் சென்னையிலும் ஆங்கிலேயர், பழவேற்காட்டில் டச்சுக்காரர். வங்காளத்து அரிசி இந்தக் கரைக்குக் கப்பலில் வருவது புதிதும் அன்று. கடப்பை வழியாக மாட்டை ஓட்டுவதற்குப் பதில் கப்பலில் இறக்கியிருக்கலாமே?

#6 | பாலாற்றங்கரை

நல்ல கேள்வி. மூன்று தடைகளைச் சொல்லலாம், முதல் தடை மாலுமிக்கே தெரிந்தது. அக்டோபரில் வாடைக்காற்று தொடங்கினால் இந்தக் கரையில் கப்பல் நிற்காது. சென்னைக்குத் துறைமுகம் என்று எதுவும் இல்லை, அலைக்கு வெளியே நங்கூரமிட்டு மசூலாப் படகில் சரக்கு இறக்க வேண்டும். பசி கடுமையாகும் அதே மாதங்களில் கடல் கதவை மூடிக்கொள்கிறது.

இரண்டாவது, முகலாயர்களுக்கு இந்தக் கரையில் கடற்படை கிடையாது. கப்பல் வைத்திருந்த ஐரோப்பியர்கள் இரண்டு பக்கமும் காலை வைத்திருந்தார்கள். 1690-இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றது யார்? ராஜாராம் தரப்புதான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமெல்லாம் விலைக்குள் அடக்கம் என்று ஒப்பந்தம். அந்தக் காசு செஞ்சிக்குள் போனது. துல்பிகார் கான் சென்னைக்கு ஆள் அனுப்பி வெடிமருந்து கேட்டால் அவர்கள் அளந்து அளந்து கொடுத்தார்கள், எந்தப் பக்கம் வெல்லும் என்று தெரியாத வியாபாரி வேறு என்ன செய்வான்? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் தலைவர் பிரான்சுவா மார்த்தேனும் அதே கயிற்றில்தான் நடந்தார். 1693-இல் டச்சுக்காரர் புதுச்சேரியையே பிடித்துக்கொண்டார்கள், அதோடு அந்த வாசலும் போயிற்று.

மூன்றாவது, கரையில் இறக்கிவிட்டால் போதுமா? அங்கிருந்து செஞ்சிக்கு மறுபடியும் மாடு வேண்டும். மாடு வர வழி வேண்டும். சந்தாஜியின் குதிரை நிற்பது அந்த வழியில்தானே.

#7 | தேசிங்கு ரசிகன்

தேசூரை ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் முகலாயர் வயிற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். 30,000 மராட்டியக் குதிரையும் அதே பஞ்சம் பிடித்த நாட்டில்தானே நின்றது? அவற்றுக்குக் கொள்ளு வானத்திலிருந்து விழுந்ததா?

#8 | கிழக்குத் திண்ணை

விழவில்லை. ஊரிலிருந்து எடுத்தார்கள். இதை மழுப்புவதில் பொருள் இல்லை.

அவர்களுக்கு இருந்த வசதி ஓரிடத்தில் நிற்கத் தேவையில்லை என்பது. பீரங்கி இழுப்பதில்லை, கடைவீதி கூட வருவதில்லை. வீரனின் சேணப்பையில் சில நாளைக்கு வேண்டிய தானியம். அது தீரும்போது அடுத்த வட்டாரம். முற்றுகை போடுகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நின்ற இடத்தைச் சுற்றியுள்ள புல்லையும் விறகையும் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு அதற்குப் பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். குதிரைக்குப் புல் அறுக்கப் போகும் ஆட்கள் நாளுக்கு நாள் தூரம் போக வேண்டும். தூரம் போனால் வெட்டுப்படுவார்கள். செஞ்சியில் மட்டும் இல்லை, எல்லா முற்றுகைகளிலும் முதலில் சாவது புல்லறுப்பவன்தான். வரலாற்றில் அவன் பெயர் வராது.

மராட்டியர்களும் செஞ்சிக்குள் எட்டு ஆண்டு நிம்மதியாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். ராஜாராமிடம் காசு இல்லை. படைவீரனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல், இன்னும் பிடிக்காத நாட்டின் வருவாயை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட தாள்தான் சம்பளம். அந்தத் தாளை நெல்லாக மாற்றுவது வீரனின் பொறுப்பு. எப்படி மாற்றுவான்? குடியானவனின் களத்தில்தான்.

குடியானவன் என்ன செய்தான் என்று பார்த்தால், நெல்லை நிலத்தடிக் குழியில் போட்டு மூடி, மேலே உழுதுவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். முற்றுகை தொடங்குவதற்கு மூன்றாண்டுக்கு முன்புதான், 1687 வாக்கில், கோல்கொண்டாவிலிருந்து இந்தக் கரை வரை கடும் பஞ்சம் வந்து போயிருந்தது. கையில் இருப்பதை எந்தப் படைக்கும் விற்காத குடியானவன்தான் விதைநெல் வைத்திருந்தான்.

#9 | மருதநிலா

இதே நூற்றாண்டில் துருக்கியரின் உதுமானியப் பேரரசு இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது என்று ஒப்பிட்டால் முகலாய முறையின் தன்மை துலங்கும்.

அங்கே அரசு இறங்கி வேலை செய்தது. படை போகும் வழியில் குறிப்பிட்ட தங்கல்கள். ஒவ்வொரு தங்கலிலும் சுற்றுவட்டாரக் குடிகள் மாவு, வாற்கோதுமை, ஆடு, நெய், தேன், விறகு ஆகியவற்றை அரசு குறித்த விலைக்குக் கொண்டுவந்து விற்க வேண்டும். இது கட்டாயம். தானியமாகத் தனி வரியும் உண்டு, கொண்டுசேர்க்க முடியாத தூரத்தில் இருப்பவர்கள் காசாகக் கட்டினார்கள். ஜானிசாரிகள் என்ற சுல்தானின் நிலையான காலாட்படைக்குப் போரின்போது ரொட்டியும் இறைச்சியும் அரசுச் செலவில். தையற்காரர், லாடம் அடிப்பவர், ரொட்டி சுடுபவர் என்று தலைநகரத் தொழிற்சங்கங்கள் முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக டான்யூபு ஆறு. பெல்கிராடில் கிடங்கு வைத்துப் படகில் அனுப்பலாம். மாட்டு முதுகில் வருவதைவிடப் படகில் வருவது எத்தனை மலிவு என்று கணக்கப்பிள்ளை சொல்லட்டும்.

ஆனால் அந்த முறைக்குக் காலவரம்பு உண்டு. மே தொடக்கத்தில் வரும் ஹிசிர் நாள் முதல் நவம்பர் தொடக்கத்தில் வரும் காசிம் நாள் வரை போர். பிறகு படை கலையும். 1683-இல் வசந்தத்தில் எதிர்னேயிலிருந்து கிளம்பிய படை வியன்னாவை அடைந்தபோது ஜூலை 14. செப்டம்பர் 12-இல் தோல்வி. நடந்துபோவதிலேயே பாதிக் காலம் போய்விடுகிறது. அதற்கு முந்தைய 1529 வியன்னா முற்றுகையிலும் இதே சிக்கல், மழையால் பெரிய பீரங்கிகளை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஔரங்கசீப் வேறு வகை. 1681-இல் தக்காணத்துக்கு வந்தவர் 1707-இல் அங்கேயே இறந்தார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒரு நகரம் கூடாரத்தில் அலைந்தது. உதுமானிய முறை இருந்திருந்தாலும் அதைத் தாங்கியிருக்காது.

#10 | கணக்கப்பிள்ளை

படகு கணக்கு எளிது. இழுக்கிற மாட்டுக்குத் தீனி வேண்டாம், சுங்கச்சாவடி குறைவு, சரக்கு சேதம் குறைவு. ஆனால் தக்காணத்தில் எந்த ஆற்றில் படகு விடுவது? கோடையில் கிருஷ்ணையும் பீமாவும் பாறையும் மணலும். மழையில் காட்டாறு. பொதிமாட்டின் பெருமையே அது வழியில் மேய்ந்துகொண்டு வரும், அதனால் தான் சுமப்பதைத் தானே தின்று தீர்க்காது என்பதுதான். வண்டிமாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை, மலைக்கணவாயிலும் ஏறாது. ஆனால் மேய்ச்சலுக்குப் புல் வேண்டும். புல் முளைக்கும் மாதத்தில் ஆறு பெருகிப் பாதை அடைபடும். ஆறு வற்றிய மாதத்தில் புல் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மாதங்களில்தான் முகலாயப் படை தக்காணத்தில் போர் நடத்த முடிந்தது.

#11 | வடக்கிருந்தவன்

ஆறு பெருகிய மாதத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1702 சாட்சி. ஜூன் மாதத்தில் ஔரங்கசீப்பின் படையினர் கேல்னா என்ற விசால்கட் கோட்டையைப் பிடித்துவிட்டுப் பன்ஹாளாவுக்குத் திரும்பினார்கள். சுமார் 30 மைல். மேற்குத் தொடர்ச்சி மலை, கொட்டும் மழை. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கோட்டையை வென்ற படை அந்த 30 மைலில் தோற்றது என்பேன்.

கொங்கணத்தில் இளவரசர் ஷா ஆலம் பட்ட பாடு இன்னும் மோசம். 1683 இறுதியில் ராம்காட் கணவாய் வழியாகக் கோவாப் பக்கம் இறங்கினார். சூரத்திலிருந்து கடல்வழியாகத் தானியம் வரும் என்று ஏற்பாடு. வரவேண்டியது வந்து சேரவில்லை. நோயும் பசியும் சேர்ந்து ஆளையும் மாட்டையும் கொன்று, அடுத்த ஆண்டு அதே கணவாய் வழியாக நொண்டிக்கொண்டு ஏறி வந்தார்கள். மாலுமியின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

தோத்தேரியைச் சொல்லாமல் விட மனமில்லை. 1695 நவம்பர். சித்ரதுர்க்கத்துப் பக்கம் முகலாயத் தளபதி காசிம் கானின் படையைச் சந்தாஜி மடக்க, அவர்கள் தோத்தேரி என்ற சிறு கோட்டைக்குள் ஓடிப் புகுந்தார்கள். கோட்டையைத் தாக்கச் சந்தாஜி அவசரப்படவில்லை. உள்ளே உணவு தீர்ந்தது. கால்நடைகளுக்குத் தீனி தீர்ந்தது. அபினுக்கு அடிமையான காசிம் கான் அது கிடைக்காமல் இறந்தார் என்றும் நஞ்சு குடித்தார் என்றும் இரண்டு பேச்சு உண்டு. மிஞ்சியவர்கள் 20 லட்சம் ரூபாய் மீட்புத்தொகை பேசி வெளியே வந்தார்கள். சந்தாஜிக்குப் போர்முறை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: எதிரியைச் சோற்றிலிருந்து பிரித்து நிறுத்து, மற்றதை வயிறு பார்த்துக்கொள்ளும்.

#12 | தேசிங்கு ரசிகன்

வடக்கிருந்தவன் அண்ணா, பெயர் வைத்துக்கொண்ட பொருத்தத்துக்குப் பட்டினிக் கதை மட்டுமே சொல்கிறீர்கள்.

என் கேள்வி இன்னும் நிற்கிறது. 1693-இல் தானியம் இல்லை, பின்வாங்கினார், சரி. 1694 முதல் 1697 வரை? அப்போது சந்தாஜி எந்நேரமும் இங்கே இல்லையே. காம் பக்ஷும் போய்விட்டார். வந்தவாசியில் பத்திரமான இருப்பிடம் கிடைத்துவிட்டது.

#13 | கிழக்குத் திண்ணை

அதற்குச் சம்பளப் பாக்கி என்ற பக்கத்தைப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து செல்வம் உண்டியாக, அதாவது பணமாற்றுச் சீட்டாக, வரும். சராப்புகள் என்ற பணமாற்று வணிகர்கள் அதைப் பாளையத்தில் மாற்றித் தருவார்கள். வழி கெட்டால் சராப்பு முதலில் நழுவுவான், அவன் நழுவினால் தானியக்காரனும் நழுவுவான். காசு இல்லாத பாளையத்துக்கு யார் நெல் கொண்டுவருவார்கள்? சம்பளத்துக்கு ஈடாக ஜாகீர் என்று எழுதிக் கொடுத்த ஊர்களில் மராட்டியனும் வரி எடுத்தான், முகலாயனும் எடுத்தான். மன்சப்தாருக்கு வருமானம் வரவில்லை, அவருடைய வீரனுக்குச் சம்பளம் போகவில்லை.

1694-இல் துல்பிகார் கான் தஞ்சாவூருக்குப் போனது இதனால்தான். அங்கிருந்த மராட்டிய அரசர் ஷாஜியிடம் பெரிய கப்பம் பேசினார். காவிரிப் படுகையைத் தவிர இந்த நாட்டில் ஒரு படைக்கு வேண்டிய நெல்லும் காசும் ஒருசேர எங்கே கிடைக்கும்? முற்றுகைக்குப் போன தளபதி முற்றுகையை விட்டுவிட்டு வரிவசூலுக்குச் சுற்றினார் என்றால் அதைக் கள்ளம் என்பதா, பிழைப்பு என்பதா?

ஒரு சிறு செய்தி கூடுதலாக. ஔரங்கசீப் தன் வாழ்நாளில் கடைசியாக நேரில் நடத்திய முற்றுகை எது தெரியுமா? 1705-இல் வாகின்கேடா. கிருஷ்ணைக்கும் பீமாவுக்கும் இடைப்பட்ட நாட்டில் பேடர் தலைவன் பிடியா நாயக்கனின் ஊர். அவன் பெரிய அரசன் இல்லை. வழியில் போகும் தானியத் தொடர்களைக் கொள்ளையடித்தவன். எண்பத்தாறு வயதுப் பேரரசர் அவனுக்காக நேரில் போக வேண்டியிருந்தது.

#14 | மாலுமி

சென்னையில் வாழ்ந்த இத்தாலியர் மனுச்சி, ஔரங்கசீப்பின் பாளையத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் மனிதரும் மூன்று லட்சம் கால்நடையும் சாகின்றன என்று எழுதியிருக்கிறாரே, நம்பலாமா?

#15 | கணக்கப்பிள்ளை

மனுச்சி கதை சொல்லத் தெரிந்தவர், எண்ணத் தெரிந்தவர் இல்லை. மனிதர் கணக்கை நான் ஏற்கமாட்டேன். மாட்டுக் கணக்கை ஓரளவு ஏற்பேன். மேலே சொன்ன 1,76,000 பொதிமாட்டோடு குதிரையையும் ஒட்டகத்தையும் பீரங்கி மாட்டையும் சேர்த்து, வறட்சியும் கோமாரியும் வந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். மாடு செத்தால் பஞ்சாரா அடுத்த ஆண்டு வரமாட்டான். அவனுக்கு முதலே மாடுதான். அரசு அவனுக்கு நட்டஈடு கொடுத்ததா? வாளை ஏந்தியவனுக்கே மாதச் சம்பளம் இல்லை.

#16 | மருதநிலா

நூறு ஆண்டு கழித்தும் இதே கதைதான். 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே அரகெரேயில் திப்புவின் படையை வென்றார். வென்ற கையோடு பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். மாடுகள் செத்துவிட்டன, அரிசி இல்லை. திரும்பும் வழியில் ஹரி பந்தும் பரசுராம் பாவும் மராட்டியப் படையோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பாளையக் கடைவீதியில் எல்லாம் கிடைத்தது, விலைதான் கண்ணைக் கட்டியது. அதற்குப் பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீடு பஞ்சாராக்களைக் கூட்டிப் பேசி, ரொக்கமாகக் கொடுத்துத் தானியம் வரவழைத்தார். 1792 பிப்ரவரியில் மறுபடி போனபோது ஸ்ரீரங்கப்பட்டணம் பணிந்தது. பின்னாளில் பாராமகாலுக்கும் சேலத்துக்கும் ஆட்சியராக வந்த அதே ரீடு. செஞ்சியில் துல்பிகார் கானிடம் இல்லாதது அந்த ரொக்கம்தான்.

#17 | செஞ்சிமலைக்காரன்

ரொக்கமும் பாதுகாப்பான வழியும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் மருதநிலா. ரீடுக்கு வழியில் சந்தாஜி இல்லை.

#18 | பாலாற்றங்கரை

எல்லோருடைய குறிப்புகளையும் வைத்து என் நிலையைச் சொல்கிறேன். 1690 முதல் 1693 ஜனவரி வரை நடந்தவற்றுக்குத் தானியமும் வெடிமருந்தும் மட்டுமே போதுமான விளக்கம். அந்தக் கட்டத்தில் துல்பிகார் கான் மீது பழி போடுவது அநியாயம். 1694-க்குப் பிறகு நிலைமை கலங்கலானது. வந்தவாசியை நிலையான தளமாக்கி, தஞ்சாவூர் வரை வசூலுக்குப் போய், படையை ஓரளவு தானே காப்பாற்றிக்கொள்ள வழி கண்டுவிட்டார். அப்படிக் கண்டவுடன் செஞ்சியைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்குக் குறைந்திருக்கும். கோட்டை விழுந்தால் இந்தப் பதவியும் வசூலும் வேறு யாருக்கோ போகும். ஆகவே தேசிங்கு ரசிகர் சொல்லும் தாமதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அதற்கான வேரும் பசியில்தான். படைக்குச் சோறு போடாத அரசு, தன் தளபதியைத் தானே சோறு தேடிக்கொள்ளும் சிற்றரசனாக மாற்றிவிட்டது.

1697-இல் சந்தாஜி கொல்லப்பட்டார், அதுவும் மராட்டியர்களுக்குள்ளேயே மூண்ட பகையால். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

#19 | தேசிங்கு ரசிகன்

சேர்த்துப் பார்த்தேன். சந்தாஜி போனதும் தானியம் வந்தது, கோட்டை விழுந்தது என்கிறீர்கள். ஆனால் ராஜாராமும் அதே நேரத்தில் சரியாகத் தப்பிவிட்டாரே? அதற்கும் பொதிமாடுதான் காரணம் என்று கணக்கப்பிள்ளை ஒரு கணக்குப் போடட்டும், அப்போது நான் ஒப்புக்கொள்கிறேன்.

#20 | கணக்கப்பிள்ளை

அதற்கு மாட்டுக்கணக்கு உதவாது. அந்த ஒன்றை உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.